யாகரின் இரண்டாவது பாதி

யாரோமீர் யாகர் 2008இல் நியூயார்க் ரேஞ்சர்ஸை விட்டுவிட்டு ரஷ்யாவுக்குப் போனபோது அவருக்கு 36 வயது. ஐஸ் ஹாக்கியில் அந்த வயதுக்கு மேல் ஆடுகிறவர்கள் குறைவு. சைபீரியாவில் ஓம்ஸ்க் அணிக்கு இரண்டு மூன்று வருடம் ஆடிவிட்டு, செக் குடியரசில் இருக்கும் சொந்த ஊருக்குப் போய் நிம்மதியாக உட்கார்ந்துவிடுவார் என்றுதான் பலரும் நினைத்தார்கள். எனக்கு அவரை இவ்வளவு பிடித்துப்போனதே அதற்குப் பிறகு அவர் ஆடிய ஆட்டத்தைப் பார்த்துத்தான். இளம் யாகர் பெரிய ஆட்டக்காரர், அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஆனால் வேகம் போன பிறகும், தன்னைவிட 20 வயது சின்னவர்கள் இரண்டு பேர் முதுகில் தொங்கிக்கொண்டு இடித்த பிறகும், பக்கைப் பறிகொடுக்காமல் ஆடினாரே ஒரு மனிதர், அவரைப் பற்றித்தான் எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

இந்த ஆட்டத்தைப் பார்த்தே இராதவர்களுக்காகக் கொஞ்சம். பக் என்பது கெட்டியான ரப்பர் வில்லை, சுமார் 170 கிராம் எடை, துள்ளாமல் வழுக்கிப் போக வேண்டும் என்பதற்காக ஆட்டத்துக்கு முன்னால் அதை உறையவைப்பார்கள். கோல் காக்கும் கோலியையும் சேர்த்து ஒரு பக்கத்துக்கு ஆறு பேர் தளத்தில் இருப்பார்கள். கோலியைத் தவிர மற்றவர்கள் தொடர்ந்து ஆடுவதில்லை. முக்கால் நிமிடம், மிஞ்சினால் ஒரு நிமிடம், உடம்பில் இருக்கும் அத்தனை பலத்தையும் கொட்டி ஆடிவிட்டு பெஞ்சுக்குத் தாவ வேண்டும், ஆட்டம் நிற்காமலே அடுத்த ஐந்து பேர் இறங்குவார்கள். ஷிஃப்ட் என்று சொல்வது இதைத்தான். பக் வைத்திருப்பவரை இடித்துச் சுவரோடு சேர்த்து நசுக்குவது விதிப்படியே சரி. வட அமெரிக்காவின் என்.எச்.எல் லீக்கில் ஒரு பருவத்துக்கு எண்பதுக்கும் மேல் ஆட்டம், அதற்கப்புறம் கோப்பைக்கான பிளேஆஃப் சுற்றுகள். மொத்த ஏற்பாடுமே இளம் கால்களுக்காகச் செய்தது மாதிரி இருக்கும். அதில் 45 வயதில் ஒருவர் ஆடினார் என்றால் எப்படி ஆடினார் என்று கேட்கத் தோன்றும் இல்லையா?

அதற்கு அவர் எங்கிருந்து வந்தார் என்பதிலிருந்து தொடங்க வேண்டும். யாகர் 1972 பிப்ரவரி 15ஆம் தேதி க்ளாட்னோவில் பிறந்தார். பிராக் நகரத்துக்குப் பக்கத்தில் எஃகு ஆலைகளால் பிழைத்த ஊர் அது, அப்போது செக்கோஸ்லோவாக்கியா. குடும்பத்து நிலத்தைக் கம்யூனிஸ்ட் அரசு எடுத்துக்கொண்டது. அவருடைய தாத்தா, அவர் பெயரும் யாரோமீர்தான், அதற்கு ஒத்துப்போகாததால் சிறைக்குப் போனார், 1968இல் இறந்தார். அதே வருடம் ஆகஸ்டில்தான் சோவியத் டாங்குகள் பிராகுக்குள் நுழைந்தன. பேரன் தன் வாழ்நாள் முழுக்க முதுகில் சுமந்த 68 என்ற எண் அங்கிருந்து வந்தது. பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது நோட்டுப் புத்தகத்துக்குள் ரொனால்ட் ரீகன் படத்தை வைத்திருந்த பையன் அவர். அந்த நாட்டில் அந்தக் காலத்தில் அது விளையாட்டான காரியம் இல்லை.

கால் பலம் சின்ன வயதிலேயே ஏற்றியது. ஒரு நாளைக்கு ஆயிரம் தடவை உட்கார்ந்து எழுந்திருப்பாராம். இதைப் பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். முதலில் கேட்டபோது எனக்கு இது மிகையாகத்தான் பட்டது, அப்புறம் அவருடைய தொடையைப் படத்தில் பார்த்தால் நம்பாமல் இருக்க முடியவில்லை. 16 வயதில் க்ளாட்னோவின் மூத்தவர் அணியில் இடம் பிடித்துவிட்டார்.

அவருடைய காலக்கணக்கு அருமையாக அமைந்தது. அதுவரை செக்கோஸ்லோவாக்கியாவிலிருந்து என்.எச்.எல் போக ஆசைப்பட்ட இளம் வீரர்கள் நாட்டை விட்டு ஓடிப்போக வேண்டும், ஓடினால் திரும்பி வர முடியாது, வீட்டில் இருப்பவர்களுக்குத் தொல்லை. 1989 நவம்பரில் அந்த ஆட்சியே கவிழ்ந்தது. 1990 ஜூனில், அணிகள் இளம் வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட் வான்கூவரில் நடந்தது. அதற்கு, ஓடிப்போகாமல், நேராக வந்து உட்கார்ந்த முதல் செக்கோஸ்லோவாக்கிய வீரர் யாகர். ஐந்தாவது ஆளாகப் பிட்ஸ்பர்க் பெங்குவின்ஸ் அவரை எடுத்தது. முன்னால் இருந்த அணிகளிடம் உடனே வருவதாக அவர் உறுதி சொல்லவில்லை, பிட்ஸ்பர்க்கிடம் மட்டும் வருகிறேன் என்றார், ஏனென்றால் அந்த அணியின் நட்சத்திரம் மாரியோ லெமியு அங்கே இருந்தார்.

18 வயதுப் பையன், ஆங்கிலம் தெரியாது, வீட்டு ஞாபகம். ஆட்டமும் சரியாக வரவில்லை. அணி நிர்வாகம் செய்த காரியத்தை நான் எப்போதும் பாராட்டுவேன்: 1990 டிசம்பரில் கால்கரியிலிருந்து யிரி ஹர்டினா என்ற அனுபவமுள்ள செக் வீரரைக் கொண்டுவந்து பையனுக்குப் பக்கத்தில் உட்காரவைத்தார்கள். பேச ஒரு ஆள் கிடைத்ததும் கோல் வர ஆரம்பித்தது. இவ்வளவு திறமை இருக்கும் பையனுக்கும் தாய்மொழியில் பேச ஒருவர் தேவைப்பட்டார் என்பதை, வீரர்களை வாங்கி விற்கும்போது யாரும் கணக்கில் எடுப்பதில்லை. அந்தப் பருவத்தின் முடிவில், 1991இல், என்.எச்.எல் சாம்பியனுக்குத் தரும் ஸ்டான்லி கோப்பை. அடுத்த வருடமும் கோப்பை.

1992 இறுதிச் சுற்றின் முதல் ஆட்டத்தில் அவர் போட்ட கோலை மட்டும் தேடிப் பாருங்கள். எதிரில் சிகாகோ. ஒரு கட்டத்தில் 4-1 என்று பிட்ஸ்பர்க் பின்தங்கியிருந்தது, பிறகு 4-3. கடைசி ஐந்து நிமிடம். வலது பக்கச் சுவரோரம் பக் யாகரிடம் வருகிறது. முதல் ஆளைத் தாண்டி உள்ளே வெட்டுகிறார், இரண்டாமவர் மட்டையை நீட்டுகிறார், பக் அவர் மட்டைக்கு எட்டாமல் ஒரு சாண் தள்ளிப் போய்த் திரும்ப வருகிறது, மூன்றாமவர் இடிக்க வரும்போது யாகர் அங்கே இல்லை. கூட்டத்துக்கு நடுவே ஒரு பேக்ஹேண்ட். சிகாகோ கோலி எட் பெல்ஃபோருக்கு பக் எங்கிருந்து வந்தது என்று தெரிந்திருக்குமா என்பதே சந்தேகம். 4-4. ஆட்டம் முடிய 13 நொடி இருக்கும்போது லெமியு இன்னொன்று போட்டு ஜெயித்தார்கள். யாகருக்கு வயது 20.

அப்புறம் 90கள் முழுக்க அவர் ராஜ்ஜியம். 1995-96 பருவத்தில் 62 கோல், 87 அசிஸ்ட், மொத்தம் 149 புள்ளி. (கோலுக்கு ஒன்று, கோல் விழ உதவியதற்கு ஒன்று, இரண்டையும் கூட்டினால் புள்ளி.) லீக்கில் அதிகப் புள்ளி எடுத்தவருக்குத் தரும் ஆர்ட் ராஸ் விருது ஐந்து தடவை. 1998இல் நாகானோ ஒலிம்பிக்கில் தங்கம், அரையிறுதி ஷூட்அவுட்டில் (ஒருவர் பின் ஒருவராக வந்து கோலியோடு மட்டும் மோதுவது) செக் கோலி டொமினிக் ஹாஷெக் கனடாவின் ஐந்து பேரையும் நிறுத்தினார், இறுதியில் ரஷ்யாவை 1-0 என்று வென்றார்கள். 1968ஐ முதுகில் போட்டுக்கொண்டவர் ரஷ்யாவை வென்று தங்கம் வாங்குவது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன்.

இந்த முதல் பாதியில் எனக்கு மிகவும் பிடித்தது 1999 மே 2ஆம் தேதி ஆட்டம். பெங்குவின்ஸ் கிளப் திவாலாகிக் கிடந்தது, ஊரை விட்டே போய்விடும் என்று பேச்சு. பிளேஆஃப் முதல் சுற்றில் நியூ ஜெர்சிக்கு எதிராக 3-2 என்று பின்தங்கி, ஆறாவது ஆட்டம் தோற்றால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். யாகருக்கு இடுப்போரத் தசையில் காயம், சரியாக ஸ்கேட் செய்யவே முடியவில்லை. இருந்தும் இறங்கினார். ஆட்டம் முடிய இரண்டு நிமிடத்துக்குக் கொஞ்சம் மேலே இருக்கும்போது சமன் செய்தார், கூடுதல் நேரத்தில் வெற்றி கோலும் அவரே. ஏழாவது ஆட்டத்தையும் வென்றார்கள், அடுத்த சுற்று ஆட்டங்களின் டிக்கெட் வருமானம் கிளப்புக்குக் கிடைத்தது. அந்த வருடமே, தனக்கு வரவேண்டிய சம்பளப் பாக்கியைப் பங்காக மாற்றிக்கொண்டு லெமியு கிளப்பை வாங்கினார். பிட்ஸ்பர்க்கில் இன்றைக்கும் ஹாக்கி இருப்பதற்கு அந்த ஓர் இரவும் ஒரு காரணம் என்று அந்த ஊர்க்காரர்கள் சொல்வதில் தப்பே இல்லை.

2001இல் பணம் கட்டுப்படியாகாமல் வாஷிங்டனுக்கு விற்றார்கள். ஏழு வருடம், 77 மில்லியன் டாலர், அன்றைக்கு அதுவே லீக்கின் மிகப் பெரிய ஒப்பந்தம். அங்கே எதுவும் கூடிவரவில்லை. 2004 ஜனவரியில் ரேஞ்சர்ஸுக்குப் போனார், 2005-06இல் 54 கோல், 123 புள்ளி, இரண்டுமே அந்த கிளப்பின் சாதனை. இதற்கு நடுவில் 2005 உலக சாம்பியன்ஷிப்பில், வியன்னாவில், உடைந்த சுண்டு விரலோடு ஆடித் தங்கம் வாங்கினார். ஒலிம்பிக், உலக சாம்பியன்ஷிப், ஸ்டான்லி கோப்பை மூன்றும் கைக்கு வந்தாயிற்று. சம்பாதித்தாயிற்று. 36 வயது. நான் தொடக்கத்தில் சொன்ன இடத்துக்கு வந்துவிட்டோம்.

ஓம்ஸ்க்கில் முதல் பருவத்திலேயே அவர் வாழ்நாளில் மறக்க முடியாத ஒன்று நடந்தது. 2008 அக்டோபர் 13, மாஸ்கோவுக்குப் பக்கத்தில் செக்கோவ் நகரத்தில் ஆட்டம். யாகரோடு ஒரே வரிசையில் ஆடிய அலெக்ஸி செரெபானொவுக்கு வயது 19, ரேஞ்சர்ஸ் டிராஃப்டில் எடுத்து வைத்திருந்த பையன். இருவரும் ஒரு ஷிஃப்ட் முடித்து பெஞ்சில் வந்து உட்கார்ந்தார்கள். அங்கேயே பையன் சரிந்து விழுந்தான். ஆம்புலன்ஸ் அதற்குள் அரங்கை விட்டுப் போயிருந்தது. பையன் பிழைக்கவில்லை, இதயக் கோளாறு. பக்கத்திலேயே இருந்தவர் யாகர். பிற்காலத்தில் எங்கே போனாலும் இருபது வயதுப் பையன்களைத் தேடிப் பிடித்துப் பயிற்சிக்குக் கூட்டிப் போன யாகரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு செரெபானொவ் நினைவு வரும். இரண்டுக்கும் தொடர்பு உண்டா என்று சொல்ல எனக்கு எந்த உரிமையும் இல்லை, நினைவு வரும், அவ்வளவுதான்.

2011இல், 39 வயதில், என்.எச்.எல் திரும்பினார். பழைய பிட்ஸ்பர்க்கை விட்டுவிட்டு அதன் பரம எதிரி ஃபிலடெல்ஃபியாவில் சேர்ந்தார், பிட்ஸ்பர்க் ரசிகர்கள் எதிர்ப்புக் கூச்சலிட்டு வரவேற்றார்கள். அதற்கப்புறம் டாலஸ், பாஸ்டன், நியூ ஜெர்சி, ஃப்ளோரிடா, கடைசியாகக் கால்கரி. மொத்தம் ஒன்பது கிளப். ஒவ்வொரு கிளப்பின் சட்டையிலும் 68 எண்ணைப் போட்டுக்கொண்டு, அவருடைய பழைய பின்னந்தலை முடி மாதிரி விக் வைத்துக்கொண்டு ஊர் ஊராகப் போன ஒரு ரசிகர் கூட்டமே இருந்தது.

இந்தக் காலத்து ஆட்டம் எப்படி இருந்தது என்று சொல்கிறேன், ஏனென்றால் இதைத்தான் பெரும்பாலும் யாரும் விளக்குவதில்லை. தளத்தின் நடுவில் ஓடி யாரையும் முந்த இனி முடியாது என்று அவருக்குத் தெரியும். அதனால் நடுவை விட்டுக்கொடுத்துவிட்டார். எதிரணி கோலுக்குப் பின்னாலும் மூலைகளிலும் சுவரோரமாகத் தன் இடத்தை அமைத்துக்கொண்டார். பக் வந்ததும் முகத்தைச் சுவருக்குத் திருப்பிக்கொள்வார், கால்களை அகல விரித்து, முழங்காலை மடித்து, பின்பக்கத்தை வெளியே தள்ளி நிற்பார். ஆறடி மூன்றங்குலம், நூறு கிலோவுக்கு மேல், நீண்ட கை, நீண்ட மட்டை. பின்னால் இருப்பவர் இடது பக்கம் எட்டிப் பார்த்தால் உடம்பு இடது பக்கம் சாயும், பக் வலது பக்கம் போகும். வலது பக்கம் வந்தால் அப்படியே மறுபடியும். இடித்தால் அந்த இடியையே வாங்கிக்கொண்டு அரை சுற்று திரும்புவார், இடித்தவர் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பார். பத்து நொடி, பதினைந்து நொடி இப்படியே போகும். பார்க்கப் பெரிதாக ஒன்றும் நடக்காத மாதிரி இருக்கும். ஆனால் ஒருவரிடமிருந்து பக்கைப் பிடுங்க இரண்டு பேர் வந்தால் வேறு எங்கோ ஒருவர் தனியாக நிற்கிறார் என்று அர்த்தம். யாகர் காத்திருப்பது அதற்குத்தான். தலையைக்கூடத் தூக்காமல் பாஸ் போகும், கோல் விழும். சின்ன வயதில் ஆயிரம் ஆயிரமாக உட்கார்ந்து எழுந்தது இங்கேதான் வந்து உதவியது.

2015 ஜனவரியில் நியூ ஜெர்சிக்காக ஒரே ஆட்டத்தில் மூன்று கோல் போட்டார், அப்போது 42 வயது. அந்த வயதில் ஹாட்ரிக் போட்டவர் என்.எச்.எல் வரலாற்றில் வேறு யாரும் கிடையாது. 2015-16இல் ஃப்ளோரிடாவில் 66 புள்ளி, அணியிலேயே அதிகம். கூட ஆடியவர்கள் அலெக்சாண்டர் பார்கோவும் ஜோனதன் உபெர்டோவும், இருவருமே இருபதுகளின் தொடக்கத்தில். யாகர் பிட்ஸ்பர்க்கில் தன் இரண்டு கோப்பையையும் வாங்கியபோது இருவரும் பிறக்கவே இல்லை.

இரவுப் பயிற்சி அவருடைய பழக்கம். ஆட்டம் முடிந்து எல்லாரும் கிளம்பிய பிறகு, எடை வைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு, கனமான மட்டையோடு காலித் தளத்தில் சுற்றுவார். நடுராத்திரியானாலும் சரி. போகப்போக இளம் வீரர்களும் சேர்ந்துகொண்டார்கள். அவர்களுக்கு உபதேசம் செய்தாரா என்று தெரியாது, செய்திருக்க வேண்டிய அவசியமே இல்லை, 43 வயதுக்காரர் சுற்றிக்கொண்டிருக்கும்போது 20 வயதுக்காரர் எப்படி வீட்டுக்குப் போவார்? அந்த பார்கோவ்தான் பின்னாளில் ஃப்ளோரிடாவின் கேப்டனாக 2024, 2025 இரண்டு வருடமும் ஸ்டான்லி கோப்பையைத் தூக்கியவர். பக்கை உடம்பால் மறைத்துச் சுவரோரம் நிற்கும்போது பார்கோவைக் கவனித்துப் பாருங்கள், யாரிடம் கற்றார் என்று தெரியும்.

எண்களையும் சொல்லிவிடுகிறேன். என்.எச்.எல்லில் 1,733 ஆட்டம், 766 கோல், 1,155 அசிஸ்ட், மொத்தம் 1,921 புள்ளி. வெய்ன் கிரெட்ஸ்கிக்கு மட்டும்தான் இதைவிட அதிகம், 2,857. சம்பளத் தகராறில் முதலாளிகள் லீக்கையே மூடிவைத்த மூன்று லாக்அவுட்டுகளில் 150 ஆட்டங்களுக்கு மேல் போயின, ரஷ்யாவில் மூன்று முழுப் பருவம். என்.எச்.எல்லிலேயே இருந்திருந்தால் 800 கோலைத் தாண்டியிருப்பார் என்று கணக்குப் போட்டு வருத்தப்படுகிறவர்கள் நிறைய. எனக்கு அந்த வருத்தம் இல்லை. லீக்கின் தேய்மானத்திலிருந்து விலகி, அகலமான ஐரோப்பியத் தளங்களில், ஆட்டங்கள் குறைந்த பருவங்களில் ஆடிய அந்த மூன்று வருடம் இல்லையென்றால் பின்னால் கிடைத்த வருடங்கள் கிடைத்திருக்குமா? 39 வயதில் திரும்பி வந்தவர் தன் ஆட்டத்தைப் புதிதாகக் கட்டிக்கொண்டு வந்தார். அதைக் கட்ட நேரம் வேண்டும்.

கால்கரியில் 22 ஆட்டம், ஒரே ஒரு கோல். உடம்பு ஒத்துழைக்கவில்லை. 2018 ஜனவரியில் க்ளாட்னோ திரும்பினார். அந்த கிளப்பின் உரிமையாளரும் அப்போது அவர்தான், அது இரண்டாம் நிலை லீக்கில் கிடந்தது. 2019 வசந்தத்தில், மேல் லீக்குக்குப் போகும் தகுதிச் சுற்றில், 47 வயதில் ஒரே ஆட்டத்தில் நான்கு கோல் போட்டு கிளப்பை மேலே ஏற்றினார். அடுத்த வருடம் கீழே விழுந்தார்கள், அதற்கடுத்த வருடம் மறுபடி ஏறினார்கள்.

சொந்தக் கிளப், அதனால்தான் இடம் கிடைக்கிறது, ஓர் இளம் வீரருக்குப் போக வேண்டிய இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறார் என்று சிலர் சொன்னார்கள். இதில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது, ஐம்பது வயதில் அவர் ஷிஃப்ட் முழுவதும் ஆட முடியாமல் திணறுவதை நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் க்ளாட்னோ பணக்கார கிளப்பாக இருந்ததில்லை. அவர் இறங்கினால் அரங்கு நிறைந்தது, விளம்பரதாரர்கள் வந்தார்கள், அவர் நின்றால் அவர்களும் நிற்பார்கள் என்பதை அவரே பல முறை சொல்லியிருக்கிறார். அந்தப் பணத்தில்தான் மற்ற இளம் வீரர்களுக்கும் சம்பளம். 1999இல் பிட்ஸ்பர்க்குக்கு ஓர் இரவு செய்ததைக் க்ளாட்னோவுக்கு வருடக்கணக்காகச் செய்தார். பணத்துக்காக அங்கும் இங்கும் ஓடியவர் என்று ஒரு காலத்தில் அவரைப் பேசியவர்கள் இதையும் சேர்த்துப் பேச வேண்டும்.

2024 பிப்ரவரி 18ஆம் தேதி பிட்ஸ்பர்க் கிளப் 68ஆம் எண்ணை இனி யாருக்கும் தருவதில்லை என்று அறிவித்து அரங்கின் கூரையில் ஏற்றியது. லெமியுவின் 66க்கும் மிஷெல் பிரியேரின் 21க்கும் அப்புறம் அது மூன்றாவது எண். 2011இல் கூச்சலிட்ட அதே ஊர் எழுந்து நின்று கைதட்டியது. பெரிய ஆட்டக்காரர்களைக் கௌரவிக்க டொரன்டோவில் இருக்கும் ஹாக்கி ஹால் ஆஃப் ஃபேமில் இன்னும் அவர் பெயர் ஏறவில்லை, ஏனென்றால் தொழில்முறை ஆட்டத்தை விட்டு மூன்று பருவம் ஆன பிறகுதான் சேர்ப்பார்கள் என்பது விதி. விழா முடிந்து செக் குடியரசு திரும்பியவர் 2024-25 பருவத்திலும் க்ளாட்னோவுக்கு ஆடினார், அந்தப் பருவத்தின் நடுவில் அவருக்கு 53 வயது ஆனது.